வளைவில் கேட்ட சத்தம்

— இல்லண்ணாச்சி, ஸ்டியரிங் பாக்ஸ் போச்சுன்னு நீங்க சொல்லுதத நான் ஒத்துக்கிட மாட்டேன்.

— எம்மா நஃபீஸத்து, பேட்டையில முப்பது வருசமா பட்டறை வச்சிருக்கேன், பாத்துக்கிடு. இந்தச் சுடலைவடிவு ஒரு வண்டியப் பாத்துச் சொன்னா மறுபேச்சு கெடையாது. வந்த வெலைக்குத் தள்ளிட்டு வீட்டுல இரு.

— வீட்டுல இருந்தா சோறு யாரு போடுவா? எம் மாப்பிள்ள மௌத்தாகி நாலு வருசமா இந்த டாக்சிதான் எனக்கும் எம் மவளுக்கும் கஞ்சி ஊத்துது. கேளுங்க. வண்டி நிக்கையில ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சா சத்தம் வருதா?

— வரல.

— நேரா ஓடயில?

— அதுவும் இல்ல, பாத்துக்கிடு.

— இடது பக்கம் ஒடிச்சு நகந்தா மட்டும் வலது முன்சக்கரத்துல டக்கு டக்குன்னு அடிக்கி. பொறவு ஸ்டியரிங் மேல ஏன் பழியப் போடுதிய? ஆக்சில் முனையில இருக்க ஜாயிண்டுதான் தேஞ்சிருக்கு.

— அத நீயே முடிவு பண்ணிட்டியாக்கும்?

— அடியில படுத்துப் பாத்துட்டுத்தான் வந்தேன். ரப்பர் உறை கிழிஞ்சி, சக்கரத்துக்கு உள்பக்கம் பூரா கிரீஸ் தெறிச்சிக் கெடக்கு. நீங்களும் பாத்தியதான? எதுக்குப் பொய் சொல்லுதிய?

— என்னத்தச் சொல்ல... ஒங் கொழுந்தன் சிராஜுதீன் பாய் காலைல போன் போட்டாரு. ‘எங்க மதினி வண்டி வரும், இனி ஓட்டவே முடியாதுன்னு சொல்லிருங்க’ன்னாரு. பொம்பள டாக்சி ஓட்டுதது குடும்பத்துக்குக் கொறச்சலாம். ரொம்ப நாள் பழக்கம், தட்ட முடியல தாயி.

— எஞ் சக்கரத்துலயா அவுக மானம் சுத்துது? ஜாயிண்ட மாத்துங்க. இப்பவே. முடியாதுன்னா ஸ்பேனர இங்கன தாங்க, நானே கழத்துதேன்.

— கோவப்படாத. தப்பு எம்மேலதான். ஜாயிண்டு கைவசம் இருக்கு, மத்தியானத்துக்குள்ள மாட்டிருதேன். கொஞ்சம் பொறு, போன் அடிக்கி... அவருதான். வண்டி என்னாச்சுன்னு கேப்பாரு. என்னன்னு சொல்லட்டும்?

— உள்ளதச் சொல்லுங்க. வாசல்ல துணிப்பெட்டியோட நிக்காளே, அவ யாருன்னு நெனச்சிய? அவரு பொஞ்சாதி அர்ஷியா. இனி அடி வாங்க மாட்டேன்னு கெளம்பிட்டா. ஏரல்ல அவ உம்மா வீட்டுக்கு, இதே வண்டியில, நாந்தான் கொண்டுபோய் விடுதேன்னு சொல்லுங்க.