பழுது பாக்க வாற மிஸ்

இல்ல மிஸ், நேத்துப் பின்னேரம் வரைக்கும் மெஷின் நல்லாத்தான் ஓடினது. ஒரு வாளி மிளகாய் அரைச்சுக் குடுத்தன். காலத்தால சுவிச்சைப் போட்டா ஒரு சத்தமும் இல்ல, செத்த மாதிரிக் கிடக்கு. அதுதான் உடனே உங்களுக்குக் கோல் எடுத்தன். நீங்களும் மழையெண்டு பாக்காம வந்திட்டீங்க. மெக்கானிக் றிம்சான் வரல்லயா? ஆ, பொத்துவில்ல வேலயா. பறவாயில்ல, அவர் ஆறுதலா வரட்டும். நீங்க இரிங்க. அந்தக் கதிரை வேணாம், அதுக்குக் கால் ஆடுது. இஞ்சால வாங்க.

தேத்தண்ணி ஊத்துறன். வேணாம் எண்டு சொல்லாதீங்க, கேத்தல் கொதிச்சிட்டு. இஞ்சி தட்டிப் போட்டிரிக்கன். உங்களுக்குச் சீனி குறைச்சு, எனக்குத் தெரியும்.

என்ன கேட்டீங்க? யாவாரமா? அது நடக்குது மிஸ். பொய் சொல்லக் கூடாது. எனக்கு ஒரு வயிறுதானே, அதுக்குக் காணும்.

உங்களுக்கு ஞாபகமோ தெரியா. அண்டைக்கு உங்கட கந்தோர் மண்டபத்தில எங்களையெல்லாம் இருத்தி வெச்சுச் சொன்னீங்க. இந்தியாவால திரும்பி வந்த அகதி ஆக்களுக்கு அரசாங்கம் காசு ஒதுக்கியிரிக்கு, தொழில் செய்ய உதவி தருவம், என்ன வேணுமெண்டு சொல்லுங்க எண்டு. கோழி வளக்கலாம், தையல் மெஷின் எடுக்கலாம், இல்லாட்டி அரைக்கிற மெஷின். முக்காவாசிப் பேர் தையல் மெஷின் எண்டாங்க. நான் மட்டும் அரைக்கிற மெஷின் எண்டன். நீங்க கூட என்னைத் தனியக் கூப்பிட்டு, இந்த வயசில அரிசி மூட்டை தூக்கேலுமா அம்மா, கோழியெண்டா லேசு எண்டு சொன்னீங்க. கோழியோட என்னத்தக் கதைக்கிற மிஸ்? அரைக்கிற மெஷின் எண்டா ஆள் வருமே. அரிசியக் கொண்டு வந்தா, அரைபட்டு முடியும் மட்டும் நிக்கத்தானே வேணும்.

தொழில் மட்டுமில்ல, வேறென்ன தேவையிரிக்கு எண்டும் கேட்டாங்க அண்டைக்கு. கக்கூசு, கிணறு, கூரைத் தகடு எண்டு ஒவ்வொண்டாச் சொன்னாங்க. நான் கேக்க நினைச்சது அதுல இல்ல. கடைசி மேசையில ஒரு சேர் இருந்தாரு. மனக்கவலை ஏதும் இரிக்கா, நித்திரை வருதா எண்டு கேட்டாரு. நல்ல மனிசன்தான். எனக்குப் பின்னால பெரிய லைன் நிக்குது, ஆளுக்காள் எட்டிப் பாக்காங்க. ஒண்டுமில்ல சேர், நல்லா வருது எண்டு சொல்லிட்டு எழும்பி வந்திட்டன்.

குடிங்க மிஸ், ஆறப் போகுது.

நாங்க போனது தொண்ணூறில. நானும் எண்ட மனிசன் கதிர்காமனும் கைப்புள்ளையா இருந்த வசந்தினியும். மன்னாரால வள்ளம் ஏறிப் போய், கடைசியில திண்டுக்கல் பக்கம் ஒரு முகாமில விட்டாங்க. ஒரு அறைதான் வீடு. ரெண்டு வீட்டுக்கும் நடுவில ஒரு சுவர், அதுவும் பாதிச் சுவர். அங்கால ஆள் இருமினா இஞ்சால எண்ட மனிசன் எழும்பித் தண்ணி குடிப்பாரு. நாங்க புருசன் பொஞ்சாதி சண்டை பிடிச்சா, அடுத்த நாள் குழாயடியில ஆக்கள் தீர்ப்புச் சொல்லுங்க. குழாயடியில என்னைக் குடத்தால இடிச்சு ஏசினவ, பின்னேரம் கருவாட்டுக் குழம்போட வந்து வாசல்ல நிப்பா. ஒரு நாள் தனிய இருந்து சோறு திண்டதில்ல மிஸ். கடவுளே, இந்தச் சத்தத்தில இருந்து எப்ப தப்புவன் எண்டு முப்பது வருசமாக் கும்பிட்டன். கும்பிட்டது பலிச்சிட்டு.

இத வெளியில சொல்லேலா. அகதி முகாம நினைச்சு ஒருத்தி அழுறா எண்டா ஊர் என்ன சொல்லும்? விசர் எண்டுதான் சொல்லும்.

ஊருக்குத் திரும்பி வர வேணும் எண்டு நிண்டது எண்ட மனிசன்தான். பாண்டிருப்புக் கடலைப் பாக்க வேணும், சொந்த வளவில சாக வேணும் எண்டு ஒரே பிடி. வசந்தினி வரமாட்டன் எண்டுட்டா. அவள்ட புருசனுக்கு அங்க பெயின்ட் அடிக்கிற வேல, புள்ளைகள் படிக்குதுகள். நீங்க முதல்ல போய் இரிங்கம்மா, நாங்க பின்னால வாறம் எண்டா. வரமாட்டா. சொல்லக்குள்ளயே அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நானும் இனி அங்க போய் இரிக்கேலா. திரும்பி வந்த ஆக்கள மறுகா முகாமில எடுக்க மாட்டாங்களாம். ஞாயிற்றுக்கிழமையில போனுக்குள்ள வருவா. முகத்தப் பாக்கலாம். முகம் நிண்டு நிண்டு வரும், லைன் அறும். சாப்பிட்டீங்களா எண்டு நான் கேப்பன். சாப்பிட்டீங்களாம்மா எண்டு அவ கேப்பா. அவ்வளவுதான் கதை.

அவரா? பிளேன்ல வந்து இறங்கி, பத்தையா கிடந்த இந்த வளவத் துப்புரவாக்கி, கிணத்த இறைச்சு, நாலு தென்னம்புள்ள வெச்சாரு. ஒரு வருசம் முடியல்ல. ஒரு நாள் காலத்தால கடற்கரைக்குப் போய்ட்டு வந்து நெஞ்சக் குத்துது எண்டாரு. கல்முனை ஆஸ்பத்திரிக்குப் போற வழியில, த்ரீவீலுக்குள்ள, எண்ட மடியிலயே போயிட்டாரு. அவர்ட ஆசைப்படி அவருக்கு நடந்திட்டு. எனக்கு அவரோட கோவம் மிஸ். செத்த மனிசனோட கோவிக்கக் கூடாதுதான். ஆனா கூட்டிட்டு வந்த ஆள் கூட இரிக்கத்தானே வேணும்? நீங்க சொல்லுங்க.

இஞ்ச எனக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தரும் இல்ல. கொஞ்சப் பேர் சுனாமியோட போனது, மிச்சம் லண்டன், கனடா. இப்ப இரிக்கிற ஆக்களுக்கு நான் இந்தியாக்காரி. வந்த புதுசில முகாம்ப் பழக்கத்தில சீனிய, கடையில சர்க்கரை தாங்க எண்டு கேட்டன். அவன் கறுத்தச் சர்க்கரைய நிறுக்கான். சீனி எண்டு சொல்ல எனக்கு வாய் வரல்ல. வாங்கிட்டு வந்து அதத்தான் தேத்தண்ணியோட கடிச்சன்.

மெஷின் வந்த பிறகுதான் இந்த வளவில மனிசக் குரல் கேட்டது. உங்கட அரசாங்கத்துக்குப் புண்ணியம். நோன்பு மாசம் பிறக்கப் போற நேரம், மருதமுனைப் பக்கத்தால பொம்புளைகள் அரிசி மாவுக்கு வந்து நிப்பாங்க. அதுலதான் ஹாஜறா ராத்தாவப் பழக்கம். அவ அரைச்சு முடிஞ்சாலும் போக மாட்டா. சாக்க விரிச்சு அதுல இருந்திட்டுத் தறி நெய்த காலத்துக் கதையெல்லாம் சொல்லுவா. நான் முகாம்க் கதை சொல்லுவன். அவக்கு நான் சொன்னன், ராத்தா, எனக்கு அந்தச் சத்தம் வேணும் போல கிடக்கு எண்டு. அவ சிரிக்கல்ல. அல்லாஹ் ஆளுக்கொரு விதமாச் சோதிக்கான் புள்ள எண்டு சொல்லி எண்ட கையைப் பிடிச்சா. மறுகா என்ன, அவட மகன் ஒலுவில்ல வீடு கட்டி உம்மாவக் கூட்டிட்டுப் போயிட்டான். நல்ல புள்ள. பெத்த தாய வெச்சுப் பாக்கான்.

இப்ப வாற ஆக்கள் நிக்கிறதில்ல. மோட்டர் சைக்கிள்ல வந்து, எஞ்சினக் கூட நிப்பாட்ட மாட்டாங்க. பேக்க வெச்சிட்டு, அரைச்சு வைங்க ஆன்டி, வந்து எடுக்கன் எண்டு போயிருவாங்க. எடுக்க வரக்குள்ளயும் காதில போன். காசத் தந்திட்டுத் தலைய ஆட்டுவாங்க. அவங்களக் குறை சொல்லேலா, ஆளுக்காள் வேல. சில நாள்ல பொழுதுபட்ட நேரம்தான் எனக்கு யோசனை வரும், இண்டைக்கு நான் ஒரு சொல்லும் கதைக்கல்லயே எண்டு. தொண்டையச் செருமிப் பாப்பன், குரல் கிடக்கா எண்டு.

மெஷின் முதல் தரம் பழுதான அண்டு நீங்களும் றிம்சானும் வந்தீங்களே. அவர் கழட்டிப் பூட்டி முடிக்கும் மட்டும் நீங்க இதே இடத்திலதான் இருந்தீங்க. பின்னேரம் அசர் பாங்கு சொல்லுற வரைக்கும் கதைச்சம். உங்களுக்குப் பேசின கட்டார் மாப்பிளைக் கதையும் அண்டுதான் சொன்னீங்க. உம்மா ஓம் எண்டுறா, எனக்கு மனசில்ல எண்டு. அது என்னாச்சு? ஆ, அந்தப் பேச்சு நிண்டிட்டா? உம்மா கோவமா? ரெண்டு நாளைக்குக் கோவிப்பா, மறுகா சரியாயிரும். நல்லம் மிஸ். மனசில்லாத இடத்துக்குப் போய் இரிக்கேலா. அது எனக்குத் தெரியும்.

என்ன மிஸ், வந்ததில இருந்து பாக்கன், என்னமோ சொல்ல வந்து விழுங்குறீங்க. சொல்லுங்க. கரச்சல் ஏதுமா?

ஆ.

இந்தத் திட்டம் இந்த மாசத்தோட முடியுதா? அடுத்த வருசத்துக்குக் காசு ஒதுக்கல்லயா. முழுசா நிப்பாட்டிட்டாங்களா, இல்ல கொஞ்ச நாளைக்கா? முழுசா. ம். நீங்க ஏன் முகத்த அப்பிடி வெச்சிரிக்கீங்க, உங்கட கைக்காசா? நாட்டில இரிக்கிற நிலமைக்கு இவ்வளவு காலம் தந்ததே பெரிசு. அப்ப உங்கள எங்க போடுறாங்க? அம்பாறைக்கா! அவ்வளவு தூரம் நாளாந்தம் பஸ்ஸில போய் வாறதா? காலச் சாப்பாட்ட விட்டிராதீங்க. உங்களுக்கு கேஸ்றிக் இரிக்கு.

அப்ப இதுதான் கடைசி வாறது. சரி.

என்ன? எனக்கா? புது மெஷினா?

கணக்கு மூட முந்தி ஒரு மெஷினுக்கு மட்டும் காசிரிக்கா. அத எனக்கு எண்டு நீங்க கதைச்சு வெச்சிரிக்கீங்களா, பெரிய சேரோட. இது அடிக்கடி பழுதாகுது, அம்மா தனிய மனிசி, இனிப் பழுது பாக்கவும் ஆள் வராது எண்டு சொல்லியா? அதுக்கு ஏன் மிஸ் நீங்க போய் அவரோட வாதாடினீங்க?

வேணாம் மிஸ். மெய்யாத்தான் சொல்றன், எனக்கு வேணாம். போன மாசம் இந்தியாவால வந்த தங்கரத்தினத்தக் கந்தோர்ல கண்டன். ரெண்டு புள்ளைகளோட அக்காட வீட்டு விறாந்தையில படுத்துக் கிடக்காளாம். பேர் பதிய வந்தவ, திட்டம் நிரம்பிட்டு எண்டு கேட்டு அழுதிட்டுப் போறா. அவளுக்குக் குடுங்க.

எண்ட மெஷினுக்கு ஒண்டுமில்ல. முதல் தரம் மட்டும்தான் மெய்யாப் பழுது. மற்றதெல்லாம், மோட்டருக்குப் பின்னால ஒரு வயர் ஓடுதே, அத நான்தான் கழட்டி விடுற. எலி கடிச்சு இழுக்குது போல எண்டு றிம்சான் சொன்னாரு, நானும் ஓம் எண்டன். எலியுமில்ல, ஒண்டுமில்ல. மெஷின் நல்லா ஓடுது எண்டு சொன்னா நீங்க ஏன் மிஸ் இஞ்சால வரப் போறீங்க?

என்ன, தேத்தண்ணியக் கீழ வெச்சிட்டீங்க. கோவமா? இல்லயா. அப்ப அந்தத் தேத்தண்ணிய முடிங்க. பொறுங்க, ஒரு நிமிசம்தான், அந்த வயரப் பூட்டிட்டு வாறன். எனக்குப் பழக்கம்.

கேக்குதா? பாத்தீங்களா, எப்பிடி ஓடுது. ஓம், அப்பிடியே உங்கட றிப்போட்டில எழுதுங்க. நல்லா ஓடுது, அம்மாக்கு ஒரு குறையுமில்ல எண்டு.

மழையும் விட்டுட்டு. வெளிச்சத்தோட போய்ச் சேருங்க. போகக்குள்ள அந்த வேலிக் கடப்பச் சாத்தாதீங்க மகள். திறந்தே கிடக்கட்டும்.