என் கண்ணாக இறங்கியவன்

கடையைப் பூட்டிவிட்டுத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன், சார். தங்கமீன்களுக்கு இரண்டு நாள் இரை போடாவிட்டால் ஒன்றும் ஆகாது. மீனைப் பட்டினி போட்டுக் கொன்றவர்களைவிட, பாசத்தில் அள்ளிப் போட்டுக் கொன்றவர்கள்தான் எங்கள் ஊரில் அதிகம்.

சங்கரன்கோவிலில் வண்ண மீன் கடை வைத்திருப்பவனுக்குக் கடல் எதற்கு என்று கேட்பீர்கள். கேட்காத ஆளில்லை. பவளப்பாறை, கடலாமை, முழுகிய கப்பல் என்று நான் பேச்செடுத்தாலே டீக்கடையில் எழுந்து போய்விடுவார்கள். "சண்முகையா அண்ணாச்சி கொழாயத் தொறந்துட்டாக" என்று சிரிப்பார்கள்.

நான் படிக்காத புத்தகம் இல்லை, பார்க்காத வீடியோ இல்லை. வளைகுடாவில் ஸ்கூபா படகில் வேலை பார்த்துத் திரும்பிய கடையநல்லூர் சித்தீக்கிடம் பழைய சிலிண்டர், முகக்கண்ணாடி எல்லாம் வாங்கினேன். அவரே தூத்துக்குடிக்குக் கூட்டிப்போய் என்னைக் கடலில் இறக்கினார். இரண்டு ஆள் ஆழம் போவதற்குள் காது சவ்வு கிழிந்துவிட்டது. இனிமேல் குளத்தில்கூட முங்கக் கூடாது என்றார் டாக்டர். இத்தனை வருஷ ஆசை, ஒரு காதால் போயிற்று. இது என்ன நியாயம், சார்?

அதனால்தான் இசக்கித்துரையைப் பிடித்தேன். எங்கள் பக்கத்துக் கிணறுகளில் மோட்டார் விழுந்தாலும் ஆடு விழுந்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவன் மூச்சுப் பிடித்து முங்கினால், மேலே நிற்கிறவர்களுக்குத்தான் மூச்சு முட்டும். சம்பளம் பேசி, என் கண்ணாக அவனை அனுப்பினேன். மீனவர் சாம்சனின் வள்ளத்தில் நான் உட்கார்ந்திருப்பேன். இசக்கித்துரை கண்ணாடியும் ஸ்நார்கெல் குழாயும் மாட்டிக்கொண்டு பவளப்பாறைக்கு மேலே மிதப்பான், முங்குவான், ஏறி வருவான்.

"என்னலே பாத்த?"

"கல்லு கெடக்கு அண்ணாச்சி. மீனு கெடக்கு."

"என்ன நெறம்?"

"எல்லா நெறமும் கெடக்கு."

ஒவ்வொரு தடவையும் இதே பதில்தான். பட்டினி கிடப்பவனிடம் வந்து, சாப்பிட்டேன், நன்றாக இருந்தது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் எப்படியிருக்கும்?

ஒரு சாயங்காலம் டீக்கடையில் கூட்டம். நடுவில் இசக்கித்துரை. ஆமை ஒன்று அவன் முகத்துக்கு நேரே வந்து நின்று, பெண் பார்க்க வந்த மாமியார் மாதிரி ஏற இறங்கப் பார்த்ததாம். கொப்பும் கிளையுமாக வளர்ந்த கல்லுக்குள் நீல மீன்கள் மொத்தமாகப் போய் ஒளிந்துகொண்டனவாம். கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். ஒருத்தரும் எழுந்து போகவில்லை. அந்த ஆமை எனக்கு வந்து சேரவேண்டிய ஆமை, சார்.

அவனைத் தனியே கூப்பிட்டேன். "எங்கிட்ட ஏம்லே இதச் சொல்லல?"

"ஒங்களுக்குத் தெரியாததா அண்ணாச்சி? படிச்சவுககிட்ட நான் என்னத்தச் சொல்ல? கூச்சமா இருந்துச்சு."

நல்ல பதில்தான். எனக்கு வயிறு எரிந்தது.

அடுத்தது முழுகிய கப்பல். மூச்சடக்கிப் போக முடியாத ஆழம், சிலிண்டர் வேண்டும். நிரப்பிக் கொடுத்த சித்தீக், எனக்கு முன்பு சொன்னதையே திரும்பச் சொன்னார். "கெணத்து ஆளுககிட்ட மொதல்ல இதச் சொல்லணும் அண்ணாச்சி. மூச்ச அடக்கப்புடாது. மேல வாரப்ப விட்டுக்கிட்டே வரணும்." ஆழத்தில் இழுத்த காற்று, மேலே ஏற ஏற நெஞ்சுக்குள் விரியும். அடக்கிக்கொண்டு வந்தால் நுரையீரல் கிழிந்துவிடும். சொல்லிவிடுகிறேன் என்றேன்.

கிணற்றுப் படியோரம் இடுப்பளவுத் தண்ணீரில் வைத்து அவனைப் பழக்கினேன். குழாயை வாயில் கடிப்பது, வால்வைத் திறப்பது, கண்ணாடிக்குள் புகுந்த தண்ணீரை ஊதி வெளியேற்றுவது, எல்லாம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன். அந்த ஒன்றை மட்டும் சொல்லவில்லை. சொல்ல மறந்துவிட்டேன் என்று பின்னால் சாம்சனிடம் அழுதேன். அது மறதி இல்லை.

கப்பலைப் பார்த்துவிட்டுக் கிணற்றில் ஏறுகிற வேகத்தில் ஏறி வந்தான். வாயில் ரத்த நுரை. சாம்சன் அவனை உள்ளே தூக்கிப் போட்டு, வள்ளத்தைக் கரைக்கு விரட்டினார். அவன் தலை என் மடியில் இருந்தது. என்ன பார்த்தாய் என்று கேட்டேன். கரை வரும்வரை கேட்டுக்கொண்டே இருந்தேன். எதுவும் சொல்லாமலே, கரை தட்டுவதற்குள் செத்துப்போனான்.

சாம்சனுக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. அவர் பின்பக்கம் இன்ஜினைப் பார்த்துக்கொண்டிருந்தார். குதிப்பதற்கு முன்னால் இசக்கித்துரை என் பக்கம் திரும்பினான்.

"அண்ணாச்சி, மேல வாரப்ப மூச்ச கெணத்துல மாதிரி அடக்கிக்கிடலாமா?"

தண்ணீரைப் பற்றி யாரிடமும் எதையும் கேட்காதவன். முதல் தடவையாக என்னிடம் கேட்டான். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன்.

"அடக்கிக்கிடு மக்கா" என்றேன். நம்மை மதித்து ஒருவன் கேட்கும்போது, பதில் சொல்லாமல் இருப்பது முறையில்லையே, சார்.