மாமனாருக்கு வெயில் காட்டியவன்

“மாமா, இதுங்கல்லாம் வெயிலைப் பாத்திருக்கா?” என்று ஒரு சின்னப் பெண் என்னிடம் கேட்டாள்.

நடந்ததெல்லாம் அந்தக் கேள்வியில்தான் தொடங்கியது. ஆனால் குழந்தையின் மேல் பழி போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவள் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ள வந்தவள். பயத்தை மறக்க, காத்திருப்பு அறையில் உயிர்ப் பவளங்கள் வளரும் தொட்டியின் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள். செய்தவன் நான்.

நான் அந்தப் பல் மருத்துவமனையில் பல்செட் செய்கிறவன். பின்கட்டில் ஒரு சின்ன அறை. அதில் மெழுகு, அச்சு வார்க்கும் மாவுக்கல், ஈறு நிறத்தில் அக்ரிலிக் பவுடர், நான். எறும்பு வரிசையாகப் போனால் தாண்டித்தான் போவேன். காலையில் கண் விழித்ததும், இன்றைக்கு யாருக்காவது ஒரு சின்ன நன்மை செய்ய வை என்று ஆண்டவனிடம் கேட்டுக்கொள்வேன். அன்றும் கேட்டிருந்தேன்.

தொட்டி எங்கள் டாக்டருடையது. அதன் நடுவில் ஒரு பெரிய மூளைப் பவளம் இருந்தது. மடிப்பு மடிப்பாக, செம்பழுப்பு நிறத்தில், பூசணிக்காயில் பாதி அளவு. டாக்டர் அதற்கு மாமனார் என்று பெயர் வைத்திருந்தார். “நடுக்கூடத்துல உக்காந்திருக்கும், எதுவும் பேசாது, சாயங்காலம் சாப்பாட்டுக்கு மட்டும் வாயைத் திறக்கும். வேற என்ன பேரு வைக்கிறது?” என்பார். மருத்துவமனை திறந்த புதிதில், ஒரு நோயாளியும் எட்டிப்பார்க்காத நாள்களில், நகக்கண் அளவு துண்டாக அதை வாங்கி வந்து வளர்த்தாராம். அதனோடு பேசித்தான் அந்த நாள்களைத் தள்ளினேன் என்று ஒருமுறை சொன்னார். சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

தொட்டிக்கு விளக்கு செய்து கொடுத்தவன் நான்தான். கடை விளக்கு யானை விலை என்பதால், என் கை வேலையை நம்பி என்னிடம் சொன்னார். அலுமினியத் தகட்டில் எல்.இ.டி.களை வெப்பப் பசை வைத்து ஒட்டினேன். நீலம் நிறைய, வெள்ளை கொஞ்சம். ஒரே நிறம் ஒரே பக்கம் சேர்ந்துவிடாமல், பல்வரிசை அடுக்குவது போல மாற்றி மாற்றி அடுக்கினேன். சால்டரிங் வைத்துக் கம்பி இழுத்து, சூடு இறங்கப் பழைய கம்ப்யூட்டரின் மின்விசிறியை மேலே பொருத்தி, நீலத்துக்கு ஒரு திருகு, வெள்ளைக்கு ஒரு திருகு வைத்தேன். முதல்முறை எரிந்தபோது, டாக்டர் பல் அடைக்கும்போது போடும் ஆரஞ்சுக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். நீல ஒளியை அந்தக் கண்ணாடி மறைத்துவிட, பவளங்களெல்லாம் தணல் போல ஒளிர்ந்தன. “அண்ணே, இங்க பாருங்களேன், மாமனார் ஜொலிக்கிறாரு!” என்று கண்ணாடியை என் மூக்கிலும் மாட்டிவிட்டார்.

மறுவாரமே, தங்கையின் பிரசவத்துக்காக ஊருக்குக் கிளம்பினார். போகும்போது, “அண்ணே, வெளிச்சத்தைக் கொஞ்சமா வைங்க. வாரத்துக்கு ஒரு துளி ஏத்துங்க. அவசரமே வேண்டாம்” என்றார். சரி டாக்டர் என்றேன். அப்போது அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அவருக்குப் பதிலாக வேறொரு டாக்டர் வந்து நோயாளிகளைப் பார்த்த நாள்களில்தான் அந்தப் பெண் வந்தாள்.

“பாத்ததில்லையேம்மா” என்றேன் நான்.

“அப்ப பாவம்ல?” என்றாள் அவள்.

அவளுடைய அம்மா, “சும்மா இரு, மாமாவை வேலை செய்ய விடு” என்று இழுத்துக்கொண்டு போனாள். ஆனால் அந்த ‘பாவம்ல’ என்னை விடவில்லை. யோசித்துப் பாருங்கள். பசியோடு இருப்பவருக்கு வாரத்துக்கு ஒரு பருக்கை கூட்டிப் போடுவதா? இரண்டு திருகுகளையும் கடைசிவரை திருகினேன். அதுவும் போதாதென்று, பல் பார்க்கும் நாற்காலியிலிருந்து கழற்றிப் போட்டிருந்த பழைய விளக்கின் வெள்ளை எல்.இ.டி.களையும் தகட்டில் சேர்த்தேன். தொட்டியில் உச்சி வெயில் அடித்தது. மனசு நிறைந்து வீட்டுக்குப் போனேன்.

சில நாள்களில், விளக்குக்கு நேர் கீழே இருந்த மாமனார் வெளுக்கத் தொடங்கினார்.

இதை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். எங்கள் தொழிலில் வெளுப்பு என்றால் நல்ல செய்தி. பல் நிறம் பார்க்கும் ஷேட் கார்டை எடுத்துவந்து தொட்டிக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். புகையிலை போடுகிறவரின் பல் நிறத்திலிருந்து கல்யாணப் பெண்ணின் நிறத்துக்கு வந்திருந்தார். இதற்காக மனிதர்கள் எங்களிடம் எத்தனை நாள் நடக்கிறார்கள்.

வரவேற்பில் இருக்கும் பெண்தான் முதலில் முகம் சுளித்தாள். “அண்ணே, மாமனாருக்கு ரத்தசோகையா? பேயறைஞ்ச மாதிரி இருக்காரே.”

“பளிச்சுனு ஆயிட்டாரும்மா.”

“பளிச்சுனுதான் இருக்காரு. வாயைத்தான் திறக்க மாட்டேங்குறாரு.”

பவளம் விற்கும் வண்ணமீன் கடைக்காரரிடம் போன் போட்டுப் பெருமையோடு சொன்னேன். அவர் என்ன விளக்கு, எவ்வளவு வெளிச்சம் என்று விசாரித்தார். பிறகு, “அண்ணே, பவளம் வெளுத்தா அது குளிச்சுட்டு வந்திருக்குன்னு அர்த்தமில்ல. சாகப்போகுதுன்னு அர்த்தம்” என்றார்.

அதற்குள் மாமனார் வெறும் எலும்பாகியிருந்தார்.

டாக்டரின் மூக்கு துடைக்கும் முகம் நினைவுக்கு வந்தது. பச்சைக் குழந்தையைக் கொஞ்சிவிட்டுச் சிரித்த முகமாக வருகிறவரிடம் துக்கச் செய்தி சொல்வது அன்பாகுமா? எலும்பை என் அறைக்கு எடுத்துப் போனேன். வாய்க்கு அளவு எடுப்பது போல மேல்பக்கத்துக்கு அச்சு எடுத்தேன். மெழுகு வார்த்து, மடிப்பு சீவி, ஈறு அக்ரிலிக்கில் செம்பழுப்பு கலந்து, வேகவைத்து, பாலிஷ் போட்டேன். நீல ஒளியில் மின்ன, பொய்ப்பல்லைப் பொடியாக்கிச் சேர்த்தேன். அடி ஓரத்துக்கு மட்டும் அச்சு எடுக்க முடியவில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரின் கீழ் ஈறு அச்சு அலமாரியில் இருந்தது. வளைவு கச்சிதமாகப் பொருந்தியது.

டாக்டர் திரும்பி வருவதற்குள் அக்ரிலிக் மாமனாரைத் தொட்டியின் நடுவில் வைத்து, விளக்கையும் பழையபடி ஆக்கிவிட்டேன். அவர் வந்ததும் நேராகத் தொட்டியிடம் போனார். ஆரஞ்சுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“மாமனார் எப்படி இருக்காரு அண்ணே?”

“முன்னைவிடக் கெட்டியா இருக்காரு டாக்டர்.”

நான் பொய் சொல்லவில்லை. அவரும் வேறெதுவும் கேட்கவில்லை. சாயங்காலம் சொட்டுக்குழாயில் உணவு எடுத்து அதன்மேல் விட்டார். தொட்டியில் இருந்த இறால் வந்து சுத்தமாகத் தின்றுவிட்டுப் போனது. தினமும் இதுவே நடந்தது. பாசி படிந்தால், யாரும் இல்லாதபோது வெளியே எடுத்துப் பல்செட் பிரஷ்ஷால் தேய்த்து வைப்பேன். தபால்காரர் வரும்போதெல்லாம் தொட்டிக்கு நேர் எதிரே உட்காருவார். “ஏன்னு தெரியல தம்பி, இதைப் பாத்தா என் சொந்தக்காரங்க யாரையோ பாக்குற மாதிரி இருக்கு” என்றார் ஒரு நாள். சொந்தம்தான் ஐயா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

இப்போது அந்த அடி ஓரம். எலும்பைப் புரட்டிப் பார்த்தபோது, வெயில் படாத கடைசி மடிப்பின் நிழலில் நகக்கண் அளவு பழுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. உயிர். அதை எலும்போடு ஒரு பெரிய ஜாடியில் தொட்டித் தண்ணீர் ஊற்றி வைத்தேன். அக்ரிலிக் டப்பாவின் மூடியில் மிஞ்சிய நீல எல்.இ.டி.களை ஒட்டி மேலே தொங்கவிட்டேன். இந்தமுறை வாரத்துக்கு ஒரு துளிதான் ஏற்றினேன். கை பரபரத்தால், திருகைத் தொடாமல் வேண்டிக்கொள்வேன்.

என் அறைக்கு யாரும் வருவதில்லை. அதனால் இந்த ரகசியம் யாருக்கும் தெரியாது. ஆண்டவன் மட்டும் உடனிருந்தான். பிரிட்ஜில் இருக்கும் பவள உணவிலிருந்து தினமும் திருட்டுத்தனமாக ஒரு சொட்டு எடுப்பேன். பாட்டில் குறையவே இல்லை. ஜாடித் தண்ணீர் அசையாமல் கிடக்கிறதே என்று நான் கவலைப்பட்ட வாரம், என் மேசையில் ஒரு குட்டி பம்ப் இருந்தது. பல் சாமான் கொண்டுவருகிறவர் மறந்து வைத்துவிட்டுப் போயிருப்பார்.

பழுப்பு மெள்ள மெள்ள ஊர்ந்து, எலும்பின் மடிப்புகளில் ஏறி, உச்சிவரை மூடியது. ஜாடி மாறி வாளி வந்திருந்தது. அதற்குள் அந்தச் சின்னப் பெண்ணுக்குப் புதுப் பல்லே முளைத்து, அவள் பரிசோதனைக்கும் வந்துவிட்டுப் போயிருந்தாள்.

நேற்று மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் மாமனாரை ஈரத்துணியில் ஏந்திக்கொண்டு வந்தேன். எப்போதும் திறந்திருக்கும் டாக்டரின் அறைக்கதவு அன்று சாத்தியிருந்தது. நல்லதாய்ப் போயிற்று. அக்ரிலிக்கை எடுத்துச் சட்டைக்குள் ஒளித்தேன். மாமனாரை அவர் இடத்தில் உட்கார வைத்தேன். கை துடைக்கத் துண்டு எடுத்துவர மறந்திருந்தேன். தொட்டியின் பக்கத்திலேயே ஒரு துண்டு மடித்து வைத்திருந்தது. இடம் மாறி வந்த உயிருக்கு வெளிச்சம் குறைவாக இருக்க வேண்டுமே என்று திருகில் கை வைத்தேன். அது ஏற்கெனவே அடி அளவில் இருந்தது. காலையில் நானே குறைத்திருப்பேன். வயதாகிறது, நினைவில் நிற்பதில்லை.

யாரும் பார்க்கவில்லை.