அரையால் வகுத்தால்

கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் பேராதனை பஸ் புறப்படக் காத்திருந்தது. எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி அக்குறணை ஊர்க்காரி, பல்கலைக்கழகத்தில் பதிவு செய்யப் போகிறாள். துணைக்கு வந்தவள் மேரி, டியூஷனில் அவளோடு படித்தவள்.

“அரையால வகுத்தா பாதியாகும்னு நெனச்சே ரெண்டு தரம் ஏ லெவல் சோதனை எழுதிட்டேன், மேரி,” என்றாள் அக்குறணைக்காரி.

நான் காதைக் கொடுத்தேன்.

“சாய்தளம், உராய்வு எல்லாம் விளங்கிச்சு. சமன்பாடும் சரியா எழுதுவேன். கடைசியில அரையால வகுத்து எடுக்குற ஆர்முடுகல் மட்டும் பிழைக்கும். டியூஷன் சேர் இன்னும் பயிற்சிக் கணக்கு செய்யச் சொன்னார். செஞ்சேன், அதுவும் பிழை.”

“ஒரு ரொட்டியில எத்தனை அரை இருக்குன்னுதானே நான் கேட்டேன்?”

“ரெண்டுன்னு சொல்லும்போதே விளங்கிச்சு, அரையால வகுத்தா ரெண்டு மடங்காகும்னு. அது மூணாவது தரத்துக்குப் படிக்கிற நேரம். அதுக்குப் பொறகு எழுத ஏலாதே.”

“நீங்கதானே படிச்சீங்க. நான் என்னங்க பெருசா செஞ்சேன்?”

“வகுப்பு நெறைய ஆக்கள் இருந்தாங்க, மேரி. நீங்க என் காதுகிட்ட வந்து மெதுவாத்தான் கேட்டீங்க. சிரிக்கவும் இல்ல.”