பளபளவென்று கழுவிய பாசித் தொட்டிகள்

இந்தக் கூட்டுறவுப் பண்ணையைக் கண்ணும் கருத்துமாய்க் காத்து, அதைவிடக் கருத்தாய்க் கழுவியும் வைத்திருக்கிற மாண்புமிகு தலைவர் அவர்களே! முன்வரிசையில் கால் நீட்ட இடமின்றி அமர்ந்திருக்கும் பெரியவர்களே! ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வந்திருக்கும் தாய்மார்களே! இறால் குஞ்சு பொரிக்கும் நம் பொரிப்பகத்தின் பாசிக்காரி நான் உங்களை வணங்குகிறேன்.

தலைவரின் தூய்மைத் தொண்டைப் பாராட்ட என்னை அழைத்திருக்கிறார்கள். விடுவேனா?

போன மாதம் அதிகாரிகள் ஆய்வுக்கு வந்த நாள். காலையிலேயே தலைவர் பாசி அறைக்குள் எழுந்தருளினார். எட்டுத் தொட்டிகள், எட்டிலும் பச்சைப் பசேலென்று தண்ணீர். பார்த்தார், பதறினார்.

"என்னம்மா இது, தொட்டியெல்லாம் பாசி புடிச்சுக் கெடக்கு?"

"ஐயா, அது தானா புடிக்கல. நாங்க வளர்க்கிறோம். இறால் குஞ்சு அதைத்தான் தின்னும்."

"வர்றவங்க மூஞ்சியச் சுளிப்பாங்கம்மா!"

நான் அடுத்த அறைக்குப் போன அரைமணி நேரம்தான். ஆட்கள் வந்தார்கள், பிளீச்சிங் பவுடர் வந்தது, தேய்த்தார்கள் தேய்த்தார்கள், தொட்டியின் தோலே உரியும்வரை தேய்த்தார்கள். அதிகாரிகள் வந்தார்கள். வெள்ளை வெளேரென்ற தொட்டிகளைப் பார்த்துவிட்டு என்ன கேட்டார்கள் தெரியுமா? "பாசி எங்கே?" அவர்கள் பார்க்க வந்ததே அதைத்தான்!

சிரிக்காதீர்கள் தாய்மார்களே, தலைவர் இங்கேதான் இருக்கிறார்.

மூன்றாம் நாள், குஞ்சுத் தொட்டிகள் இரண்டில் குஞ்சுகள் பசியில் செத்து அடியில் படிந்தன. அள்ளிக் கொட்டியது இந்தக் கை. இதில் மட்டும் கேலி இல்லை.

தலைவர் அசரவில்லை. பாசி அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இனி மீன்தூள் போதுமாம்! கடல் மீனை அரைத்துக் குளத்து இறாலுக்குப் போடுவோமாம். அதற்குக் கடலைக் காக்கும் தொழில் என்று பெயர்ப்பலகையும் மாட்டுவோமாம்! என்ன அறிவு! என்ன ஆற்றல்! என்ன அடக்கம்!

ஆனாலும் மறுபடி வளர்க்க விதையாய் வைத்திருந்த வித்துப் பாசி ஒரு குப்பி என் வீட்டுச் சமையலறை ஜன்னலில் தப்பியது. அங்கேயும் ஆபத்துதான். "அண்ணி, இது கெட்டுப்போச்சு போல, கொட்டிடவா?" என்றாள் நாத்தனார். பாய்ந்து பிடுங்கினேன். அதுதான் இந்த மேசைமேல்... ஐயா, தண்ணீர் வைக்க வந்தவரே! குப்பியை எங்கே எடுத்துப் போகிறீர்கள்? நீங்களும் கழுவப் போகிறீர்களா? கீழே வையுங்கள்! நம்மிடம் மிஞ்சிய உயிர் அது ஒன்றுதான். இந்த வாரம் தொட்டியில் விடாவிட்டால் அடுத்த தடவை பொரிக்கும் குஞ்சுக்கும் பட்டினிதான்.

கடைசி வரிசையில் என்ன முணுமுணுப்பு? "பாசியை மனுசன் தின்பானா?" என்றா? நல்ல கேள்வி. தேநீரோடு கொடுத்தோமே, பச்சை பிஸ்கட், இறாலும் முன்பே உலர்த்தி வைத்திருந்த பாசியும் அரைத்துச் சுட்டது, நம் பெண்கள் புதிதாய் விற்கப் போவது. அதில் தலைவர் இரண்டு தின்றார். மூன்றாவதைக் கைக்குட்டையில் மடித்து வைத்ததை நான் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம்.

தலைவர் அவர்களே, நான் பொன்னாடை கேட்கவில்லை, பாராட்டுப் பத்திரம் கேட்கவில்லை. சாவியைக் கேட்கிறேன்! எட்டுத் தொட்டிக்காகக் கேட்கிறேன்! செத்த குஞ்சுகளுக்காகக் கேட்கிறேன்! பிறக்கப்போகும் குஞ்சுகளுக்காகக் கேட்கிறேன்!

அதோ, கை சட்டைப்பைக்குள் போகிறது. முதலில் வந்தது கைக்குட்டை. அடுத்து வந்தது பிஸ்கட். கடைசியாக... கைதட்டுங்கள் தாய்மார்களே, வந்துவிட்டது!

சாவியெல்லாம் பச்சைத் தூள். பரவாயில்லை ஐயா, கழுவாமலே கொடுங்கள். நன்றி, அனைவருக்கும் வணக்கம். எனக்குத் தொட்டி காத்திருக்கிறது.