முட்டையில் கடல் வாசம்

தேவிகுளம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு எஸ்டேட் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் சொன்னாள்: "எங்க வீட்டு முட்டைல கடல் வாசம் அடிக்குதுக்கா."

"இந்த மலையிலயா?"

"எல்லாம் நான் செஞ்ச கூத்துதான். லட்சத்தீவுல வேலை பாக்குற எந்தம்பி சொன்னான், பறவைக கடல்மீனத் தின்னுட்டுத் தீவுல வந்து எச்சம் போடுதாம், அதுலதான் அங்க மரஞ்செடி செழிக்குதாம். நானும் கோழிகளுக்கு மத்திமீன் தலையும் குடலுமாப் போட்டு, அதுக போட்ட எச்சத்த அள்ளிப் பீன்ஸுக்கு எருவாக் கொட்டுனேன்."

"செழிச்சுச்சா?"

"கொடி கூரையேறிருச்சு. அந்தச் சந்தோசத்துல, மகளப் பொண்ணு பாக்க வந்தவுகளுக்குச் சோத்தோட ஆம்லெட்டும் போட்டேன். மாப்பிள்ளையோட அம்மா ஒரு வாய் வச்சுட்டு, 'மீன் வறுத்த சட்டியா?'ன்னு கேட்டாக. எம்மக என்னைப் பாத்த பார்வை இருக்கே!"

"ஐயையோ, அப்புறம்?"

"பீன்ஸ் பொரியல மட்டும் ரெண்டாந்தடவ கேட்டு வாங்கிச் சாப்பிட்டாக. நேத்து சம்மதம்னு போன் வந்துச்சு. 'பீன்ஸுக்கு என்ன உரம் போட்டீக?'ன்னும் கேட்டாக."

"சொல்லிட்டியா?"

"தாலி ஏறட்டும்க்கா. இப்பவே சொன்னா, மகளுக்கும் தாயோட புத்திதான் இருக்கும்னு பயந்துர மாட்டாகளா?"