சின்னத்தாய் சிரித்த இரண்டு நாட்கள்

ஜன்னலோரம் இடம் கிடைத்தால் சின்னத்தாய்க்குப் பஸ்ஸில் தலை சுற்றாது. அதனால் வண்டி நிற்பதற்கு முன்பே துண்டைப் போட்டு இடம் பிடித்துவிடுவேன். கட்டின பெண்டாட்டிக்கு இதைக்கூடச் செய்யாதவன் என்ன ஆள்? இதையும் எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர் சார். நீங்கள் எழுதுவதை எனக்கு வாசிக்கத் தெரியாது. பாதியைத்தான் எழுதுவீர்கள் என்பது மட்டும் தெரியும்.

முதல் தடவை விசாரணைக்குச் சூலக்கரை போனோமே, அன்றைக்கு அப்படி ஒரு சிரிப்பு. ஏழாயிரம்பண்ணையில் ஏறும்போதே ஆரம்பித்துவிட்டாள். கண்டக்டரைப் பார்த்து, "ஏலே, கிழிக்கது டிக்கெட்டு, நாக்கை ஏம்லே கடிக்கே?" என்றாள். பஸ்ஸே சிரித்தது. முன் சீட்டுக்காரியின் கூடையில் இருந்த சேவலுக்கு வணக்கம் வைத்தாள். சாத்தூரில் வண்டி மாறும்போது அவளுக்குக் கால் பின்னியது. கல்யாணப் பெண்ணை ஏற்றுகிற மாதிரி கையைப் பிடித்து ஏற்றினேன். அதற்கும் சிரித்தாள். நானும் சிரித்தேன். வெடி விபத்துக்குப் பிறகு அவள் பல்லை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்த விபத்து உங்களுக்குத் தெரியும். நான் போர்மேனாக இருந்த பட்டாசுக் கம்பெனியில் வேல்விழி என்ற பிள்ளை செத்துப்போனது. அங்கேயே வேலை பார்த்த சின்னத்தாய்க்கு வலது கை முழங்கை வரைக்கும் வெந்தது. கை ஆறியது, பயம் ஆறவில்லை. பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வாள். விருதுநகரில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். டாக்டர்களை நான் நம்புகிறதில்லை. ஆனாலும் அந்தம்மா சொன்னதை ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டேன். பதற்றத்துக்கு இந்த மாத்திரை, ராத்திரியில் பாதி மட்டும். மறந்துபோனால் மறுநாள் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. திடீரென்று நிறுத்தவும் கூடாது. தீக்காயத்துக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த வலி மாத்திரை மிச்சமிருந்தால் அதோடு சேரவே கூடாது, இரண்டும் சேர்ந்தால் மூச்சை அமுக்கிவிடும், அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றார். ஒரு பொருளைத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

பாதியாக வெட்டுவது எனக்குச் சிரமமில்லை. திரி வெட்டிப் பழகின கை. பிளேடு வைத்தால் தூள் சிந்தாது. விசாரணைக்குப் போன அன்று காலையில் பிளேடு கிடைக்கவில்லை. முழுசாகவே கொடுத்தேன்.

சூலக்கரையில் விசாரணை ஆபீசுக்கு வேல்விழியின் தாய் பாலம்மாளும் வந்திருந்தாள். வேல்விழி செல்போனை உள்ளே கொண்டுபோனதால்தான் தீப் பிடித்தது என்று நான் ஏற்கெனவே அங்கிருந்த அதிகாரியிடம் சொல்லியிருந்தேன். அதைக் கேட்டதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லையாம். சின்னத்தாயின் ஆறின கையைத் தொட்டுக் கேட்டாள்.

"மதினி, நீங்க பாத்ததை மட்டும் சொல்லுங்க. செத்த புள்ள மேல பழி நிக்கக் கூடாது."

சின்னத்தாய் அதிகாரியை ரொம்ப நேரம் பார்த்தாள். "சார், மீசைக்கு அடிச்ச மையி காது வரைக்கும் வந்திருச்சே" என்றாள். பியூன் வெளியே ஓடிப்போய்ச் சிரித்தான். அதிகாரியே உதட்டைக் கடித்துக்கொண்டார். பிறகு அவள் பாலம்மாள் பக்கம் திரும்பினாள். "வேல்விழி எங்கன? அவளுக்கும் ஒரு டீ சொல்லுங்க."

பாலம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. சில பேருக்கு வேடிக்கை தெரியாது.

தெளிவாக இருக்கும்போது கூட்டி வாருங்கள் பெரியவரே என்று அனுப்பிவிட்டார்கள். எண்ணெய் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். சால்னாவில் விரலை விட்டு என் நெற்றியில் பொட்டு வைத்தாள். கடைக்காரர் கை தட்டினார். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் அப்படி இருந்ததில்லை.

மறுநாள் அவளுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. "நேத்து நான் சொல்லிட்டேனா?" என்று கேட்டாள். சொல்லிவிட்டாய் என்றேன். அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

மறுபடியும் கூப்பிட்டு அனுப்பினார்கள். காலையில் தலையைச் சீவிக்கொண்டே சொன்னாள்.

"இந்த வாட்டி நடந்ததை நடந்தபடிக்கே சொல்லிருதேன். நீங்க பக்கத்துல இருங்க, எனக்குப் பயமா இருக்கும்."

நடந்தது பெரிதாக ஒன்றுமில்லை. செக்கிங் வருகிறது என்று போன் வந்தது. சட்டப்படி ஓர் அறையில் நாலு பேர்தான் இருக்கலாம், வேல்விழி ஐந்தாவது ஆள். அவளைச் சரக்கு அறைக்குள் விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டேன். கொஞ்ச நேரத்துக்குத்தான். தீப் பிடித்ததும் எல்லோரும் ஓடினார்கள், நானும் ஓடினேன். சின்னத்தாய் மட்டும் தாழ்ப்பாளைத் திறக்கப் போனாள். கை வெந்தது அதில்தான்.

பயமாக இருக்கும் என்று அவளே சொன்னாள். பயத்துக்குத்தானே மாத்திரை. அன்றைக்கும் பிளேடு கிடைக்கவில்லை. பஸ் குலுக்கலில் கை வலிக்குமே என்று வலி மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்தேன்.

சாத்தூர் வரைக்கும் சிரிப்புதான். என் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, "போர்மேன் வந்திருக்கேன், எல்லாரும் எந்திரிங்க" என்று அதட்டினாள். ஒரு கிழவர் நிஜமாகவே எழுந்தார். சாத்தூரில் வண்டி மாறிய பிறகு என் தோளில் சாய்ந்தாள். குறட்டை விட்டாள். பிறகு குறட்டை விட்டு விட்டு வந்தது.

"பெரியவரே, ஆத்தா உதடு நீலமா இருக்கு. ஆம்புலன்சுக்குப் போன் போடட்டா?" என்று கண்டக்டர் கேட்டார்.

"அவ தூங்குதா. எளுப்பாதீக" என்றேன்.

சூலக்கரை ஸ்டாப் வந்தது. நாங்கள் இறங்கவில்லை. ஜன்னல் காற்றில் அவள் முடி என் முகத்தில் விழுந்துகொண்டே இருந்தது. உதட்டில் சிரிப்பு அப்படியே இருந்தது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

பயமில்லாமல் போனாள், அதற்கு நான் கூட இருந்தேன். ஆனால் நீங்கள், படிக்காத கிழவன், அளவு தெரியாமல் கொடுத்துவிட்டான் என்று எழுதப் பார்க்கிறீர்கள். அப்படி எழுதாதீர்கள் சார், அது எனக்குக் கேவலம். எனக்கு அளவு தெரியும். மற்ற ராத்திரியெல்லாம் சரிபாதிதான் கொடுத்தேன், ஒரு தூள் கூடக் குறையக் கிடையாது. முழுசாகக் கொடுத்தது சூலக்கரைக்குப் போன அந்த இரண்டு நாள் மட்டும்தான்.